பட்டியலில் இல்லாத பதினெட்டாவது வெட்டு

ஒரு பெண்ணை நான் பொய்க்காரி ஆக்கினேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் ஆக்கினேன்... கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்து, ஒரு பிற்பகலில், நிதானமாக.

கோபத்தில் செய்ததல்ல. அவசரத்தில் செய்ததல்ல. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. இப்படித்தான் ஏமாற்றுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்!

எங்கள் வீடியோக்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இணையத்தில் வீடியோ ஏற்றுவது புதிதாக இருந்த காலம். ஐந்து நிமிட வீடியோவை ஏற்ற, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை நாள் காத்திருப்போம். முக்கால் பங்கு ஏறியதும் மின்சாரம் போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

நாங்கள் என்றால் இரண்டே பேர். முகம் காட்டிப் பேசுகிறவன் சார்லஸ். ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தான். முகம் காட்டாதவள் நான், மாலதி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் ஸ்டுடியோ ஒன்றில் எடிட்டராக இருந்தேன். கேமரா பிடிப்பதும், வெட்டி ஒட்டுவதும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோவின் கேமராவை முதலாளி இரவல் தருவார்.

விளம்பரங்களைப் பிரித்துக் காட்டுவதுதான் எங்கள் வேலை. ஆவி பறக்கும் இட்லிக்குப் பின்னால் ஊதுவத்தியைக் கொளுத்தி வைப்பதைக் காட்டினோம். அழுக்குச் சட்டை, வெள்ளைச் சட்டை என்று இரண்டு வேறு சட்டைகளை வைத்து ஒரே சலவை போலக் காட்டுவதைச் செய்து காண்பித்தோம். என்ன மென்பொருள், என்ன விளக்கு, எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் சொன்னோம்.

அதோடு, ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் ஒரு பட்டியல் ஓடும். அது என் யோசனை. "இந்த வீடியோவில் நாங்கள் வெட்டியவை" என்று தலைப்பு. முதல் நிமிடத்தில் சார்லஸின் இருமல் நீக்கப்பட்டது. இரண்டாம் நிமிடத்தில் லாரி ஹாரன் நீக்கப்பட்டது. மூன்றாம் நிமிடத்தில் பதில் நீளமாக இருந்ததால் பாதி நீக்கப்பட்டது... இப்படி. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பட்டியல் போடாமல் எதுவும் ஓடாது. ரேஷனுக்குப் போனாலும் பட்டியல்தான், பரீட்சைக்குப் படித்தாலும் பட்டியல்தான்.

நீங்கள் எங்களை நம்பியது அந்தப் பட்டியலால்தான். சிங்கப்பூரிலிருந்து முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: தன் கையில் இருக்கும் கத்தியையும் சேர்த்துக் காட்டுகிறவர்கள் நீங்கள் மட்டும்தான் என்று. அதை அச்செடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன்.

அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்துதான் செய்தேன்.

உள்ளூர் கேபிள் டிவியில் அப்போது மூட்டுவலித் தைலம் ஒன்றின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நடிகர் இல்லை, பாட்டு இல்லை. தைலம் தேய்த்துக்கொண்டவர்களே வந்து பேசுவார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டெல்லா அக்கா. சார்லஸுக்குச் சின்னம்மா, அம்மாவின் தங்கை. காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று மீன் ஆய்ந்து கொடுக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவர். அந்த ஈரத்திலேயே முழங்கால் போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.

'பயன்படுத்தியவரே பேசுகிறார்' என்ற வகை விளம்பரங்களைப் பிரித்துக் காட்டுவது எங்கள் அடுத்த வீடியோ. ஸ்டெல்லா அக்கா போல இன்னும் நான்கு பேரைப் பிடித்தோம். எல்லாரும், ஆமாம் தேய்த்தோம், சுமாராக இருந்தது என்றுதான் சொன்னார்கள். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள எதுவுமில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ ஒருவர் உடைவார் என்று கேமராவின் பின்னால் காத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா அக்காவை அவர் வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்து எடுத்தோம். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. சார்லஸ் என் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டான். தைலம் போட்டு வலி போச்சா என்று கேட்டான்.

"முழுசா போவல நைனா. பாதி கொறஞ்சிச்சி. இல்லாதத சொல்லக்கூடாது பாரு. பாதிதான்."

பிறகு வேறு ஏதேதோ பேச்சு. விளம்பரம் எடுக்கக் கேபிள்காரர்கள் வந்தது, பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கியது, இவர் புடவை மாற்றிக்கொண்டது. பத்து நிமிடம் கழித்து சார்லஸ் இன்னொரு கேள்வி கேட்டான். தைலக் கடை எந்த பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்றெல்லாம் விளம்பரத்தில் ஒப்பிக்கிறீர்களே, அது உங்களுக்குத் தெரியுமா என்று.

ஸ்டெல்லா அக்கா சிரித்துவிட்டார். "எனக்கு இன்னா தெரியும்? நான் அந்த ஸ்டாப்புல எறங்குனதே இல்ல. அவங்க இன்னா சொல்லச் சொன்னாங்களோ அத்த சொன்னேன்."

டேப்பில் இருப்பது இதுதான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் கேள்வியை எடுத்துக்கொண்டேன்: வலி போச்சா? அதற்கு வந்த பதிலைத் தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் கடைசிப் பதிலின் கடைசி வாக்கியத்தைக் கொண்டுவந்து வைத்தேன்: அவங்க இன்னா சொல்லச் சொன்னாங்களோ அத்த சொன்னேன். சிரிப்பு வாக்கியத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதால் அது தானாகவே விழுந்துவிட்டது. சிரிப்பில்லாமல் அந்த வாக்கியம் எவ்வளவு கனமாக இருந்தது தெரியுமா!

ஒட்டிய இடத்தில் படம் துள்ளும். அதை மறைக்க வேறொரு காட்சி வேண்டும். ஸ்டெல்லா அக்கா பேசிக்கொண்டே முழங்காலைத் தடவுவார். அந்தக் கையைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதைப் போட்டேன். ஒலியிலும் வெட்டுத் தெரியக்கூடாதே... மின்விசிறிச் சத்தத்தை நீளமாக எடுத்து அடியில் ஓடவிட்டேன். நல்ல வேலை. என் கையால் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான்.

பிறகு பட்டியல் போட்டேன். இருமல், ஹாரன், குழந்தை அழுகை... பதினேழு வெட்டுகள். பதினெட்டாவதை எழுதக் கையை வைத்தேன். 'பதில் இடம் மாற்றப்பட்டது' என்று எழுதியிருக்க வேண்டும். மூன்றே சொல். எழுதினால் வீடியோ செத்துவிடும்.

எழுதவில்லை.

சார்லஸுக்குப் போட்டுக் காட்டியபோதாவது பிடிபட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவன் அவன்தானே! பிடித்தால் சிரித்து மழுப்பி எடுத்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சின்னம்மா இப்டியா சொல்லுச்சு? எனக்கு ஞாபகமே இல்லியே, மாலதி."

"நீ தாளப் பாத்துக்கினு இருந்த."

பிறகு, ஆமாம், சொன்னது போலத்தான் இருக்கிறது என்றான். இன்னும் கொஞ்சம் கழித்து, "ஆமா, சொல்லுச்சு. மூஞ்சியத் திருப்பிக்கினு சொல்லுச்சு," என்றான்.

மூஞ்சியைத் திருப்பியது டேப்பில் எங்குமே இல்லை. நான் கூடச் சேர்க்காததை அவனே சேர்த்துக்கொண்டான்.

அந்த நிமிடம் எனக்குள் என்ன இருந்தது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. பயமில்லை. குற்ற உணர்வுகூட இல்லை... பெருமை. அங்கேயே இருந்தவனை நம்பவைத்துவிட்டேனே என்ற பெருமை!

வீடியோ ஓடியது, எங்கள் மற்ற வீடியோக்கள் எதுவும் ஓடாத அளவுக்கு. இணையத்தில் மட்டுமல்ல; யாரோ ஸ்டெல்லா அக்கா வரும் அந்த இருபது விநாடியை மட்டும் நறுக்கி எடுத்து செல்போனில் ஏற்றிவிட்டார்கள். புளூடூத்தில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி, கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டு வரைக்கும் போய்விட்டது. என் அப்பா அங்கேதான் வேலை பார்க்கிறார். அவரே ஒருநாள் அதை எனக்குக் காட்டிச் சிரித்தார்.

அந்த நறுக்கில் எங்கள் பட்டியல் இல்லை. அது பல நாள் எனக்கு வசதியான சமாதானமாக இருந்தது. பட்டியலில் எழுதியிருந்தாலும் இவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் அல்லவா? பொய்! எழுதியிருந்தால் அந்த இருபது விநாடியே இருந்திருக்காது.

ஸ்டெல்லா அக்காவின் தெருவில் குழாயில் தண்ணீர் வராது. லாரிதான். காலையிலேயே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். லாரி வந்ததும் சண்டை தொடங்கும், யார் குடம் முன்னால் என்று. அங்கேதான் ஸ்டெல்லா அக்கா. நாள் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருப்பதால் எந்தக் குடம் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னால் சொன்னதுதான். சொந்த அக்காவின் குடத்தையே பின்னால் தள்ளியிருக்கிறார் என்று சார்லஸ் பெருமையாகச் சொல்வான். மீன் வேலை போன பிறகு அந்தத் தெருவில் அவருக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

வீடியோ பரவி இரண்டு வாரம் இருக்கும். அதே தெருவில் இருந்த சார்லஸைப் பார்க்கப் போனபோது லாரி நின்றிருந்தது. வசந்தா என்ற பெண்ணுக்கும் இன்னொருத்திக்கும் வாய்ச்சண்டை. ஸ்டெல்லா அக்கா வழக்கம்போல வாசற்படியிலிருந்தே, வசந்தா பின்னால்தான் வந்தாள் என்று சொன்னார்.

வசந்தா இடுப்பில் குடத்தோடு திரும்பினாள். "யாருக்கா உன்ன சொல்லச் சொன்னாங்கோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, தினமும் சிரிக்கிற சிரிப்புத்தான். டிரைவர்கூடச் சிரித்தார். ஸ்டெல்லா அக்காவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கையை ஊன்றி எழுந்து, வரிசையில் மூன்றாவதாக இருந்த தன் குடத்தை எடுத்து, காலை இழுத்து இழுத்து நடந்து, கடைசியில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகு அவர் எந்தக் குடத்துக்கும் சாட்சி சொல்லவில்லை.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். இருபது பேர் இருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும்.

அடுத்த வாரம் அவரே ஸ்டுடியோவுக்கு வந்தார். ராயபுரத்திலிருந்து பஸ் மாறி, அந்தக் காலோடு, மாடிப்படி ஏறி. தான் பேசியதைத் தானே இன்னும் பார்க்கவில்லை, போட்டுக் காட்டு என்றார். தண்ணீர் கொடுத்தேன். போட்டுக் காட்டினேன்.

ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினேன். அவர் திரையிலிருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி கொறஞ்சிச்சின்னு சொன்ன மாதிரி ஒரு நெனப்பு கீதும்மா எனக்கு. முழுசா எடுத்தது கீதா?"

அந்த டேப் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. பக்கவாட்டில் என் கையெழுத்தில் 'ஸ்டெல்லா அக்கா, முழு டேப்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். எதையும் பெயர் எழுதாமல் வைக்க மாட்டேனே! அரை அடி நகர்ந்து, என் உடம்பால் அதை மறைத்துக்கொண்டேன்.

"இல்லக்கா. அதுமேலயே வேற கல்யாணம் எடுத்துட்டோம்."

அவர் தலையை ஆட்டினார். அப்போது சொன்னார் பாருங்கள்... அதைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

"அப்ப சொல்லிகீறேன். என் வாய், என் கொரலு. வேற எவ வந்து சொல்லிருப்பா? வயசாவுது இல்ல... வாய்ல இன்னா வருதுன்னே தெரியல. அப்ப டிவில சொன்னதும் பொய்தான் போல."

சார்லஸை நம்பவைத்ததற்குப் பெருமைப்பட்டேன் என்றேன். இப்போது அவரையே நம்பவைத்துவிட்டேன். அவர் வாழ்ந்த ஒரு பிற்பகலை அவரிடமிருந்தே எடுத்துவிட்டேன். இந்தமுறை பெருமை வரவில்லை. ஆனாலும் நகரவில்லை. அலமாரியை விட்டு அரை அடி நகரவில்லை!

அந்தத் தைலக் கடைக்காரர்களை நாங்கள் எவ்வளவு கிண்டல் செய்தோம். அவர்கள் கேபிளில் போட்டதை நான் பிறகு திரும்பத் திரும்பப் பார்த்தேன். "பாதி கொறஞ்சிச்சி" என்று ஸ்டெல்லா அக்கா சொல்வதை அப்படியே விட்டிருக்கிறார்கள். விளம்பரக்காரர்கள் அவர் பேச்சில் கை வைக்கவில்லை. வைத்தவள் நான்.

அந்த மாதக் கடைசியில் சார்லஸ் சொன்னான். சின்னம்மா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறதாம். ஆனால் ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்பதில்லையாம், பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறதாம். அவன் அம்மா காரணம் கேட்டதற்கு, பாவத்தோடு எப்படி வாங்குவது என்று கேட்டதாம். பிறகு பாவசங்கீர்த்தனம் செய்ததாம். ஊரே பார்க்க டிவியில் பொய் சொன்னேன் என்று ஃபாதரிடம் முழங்காலில் நின்று சொன்னதாம்.

முழங்காலில்... அந்த முழங்காலில்.

"விடு, மாலதி. ஃபாதர் மன்னிச்சிட்டாரு. இப்ப நன்மை வாங்குது," என்றான் சார்லஸ், எனக்கு ஆறுதலாக.

எங்கள் வீட்டில் பாவமன்னிப்பு என்ற வழக்கம் இல்லை. நாங்கள் வியாசர்பாடி பௌத்தக் குடும்பம். செய்தது உன்னோடு வரும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது: நான் செய்ததற்கு அவர் மண்டியிட்டார். நான் செய்ததற்கு அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. எனக்கு என்ன கிடைக்கும்?

வீடியோவை எடுத்துவிட்டேன். ஒலி சரியில்லை என்று சார்லஸிடம் சொன்னேன். அதுவும் ஒரு வெட்டு. அதையும் எங்கும் எழுதவில்லை. நறுக்கியது மட்டும் போன்களில் இன்னும் இருக்கிறது. சில மாதத்தில் சார்லஸ் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வேலை மாறிப் போனான். எங்கள் வீடியோக்களும் நின்றன.

போன மாதம் டேப்பை எடுத்துக்கொண்டு ராயபுரம் போனேன். போட்டுக் காட்ட ஸ்டுடியோ கேமராவையும் வாங்கிக்கொண்டேன். சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதியிருந்தேன். டேப்பைப் போடுவது. முதல் பதிலைக் காட்டுவது. கடைசிப் பதிலைக் காட்டுவது. 'நான்தான் மாற்றினேன்' என்பது. பிறகு அவர் சொல்வதைக் கேட்பது.

ஸ்டெல்லா அக்கா என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். வாசற்படியில் நகர்ந்து இடம் கொடுத்தார். உள்ளே குரல் கொடுத்து டீ வரவழைத்தார். சார்லஸைப் பற்றிப் பேசினோம். பேச்சோடு பேச்சாக, அந்தப் பழைய கதையை அவரே எடுத்தார். தானாகத் தவறை ஒப்புக்கொண்ட பிறகு மனசு லேசாகிவிட்டது என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உன் மேல ஒண்ணும் இல்ல கண்ணு. நான் சொன்னத்தான நீ போட்ட?"

பை என் மடியில் இருந்தது. பையில் டேப் இருந்தது. இப்போது காட்டினால்? சொல்லாத பொய்க்காகத்தான் சாமியிடம் மண்டியிட்டோம் என்று இவருக்குத் தெரிந்துவிடும். லேசாகிவிட்ட மனசை நான் மறுபடி கனக்க வைப்பேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்... எவ்வளவு அழகான காரணம்! அதுவும் நான் நன்றாக ஒட்டிய வெட்டுத்தான் என்று இப்போது தெரிகிறது.

அப்போது லாரி வந்தது. வரிசையில் ஒரு பச்சைக் குடமும் ஒரு நீலக் குடமும் இடித்துக்கொண்டன. பச்சைக் குடத்துக்காரி புதிதாகக் குடிவந்த சின்னப் பெண். தெருவின் பழைய கதை எதுவும் தெரியாதவள். யாரோ உட்கார்ந்திருக்கிறார்களே என்று எங்களிடம் ஓடிவந்தாள்.

"யக்கா, நீங்க இங்கதான குந்திகினு இருந்தீங்க? எது மொதல்ல வந்துச்சி, சொல்லுங்கக்கா."

ஸ்டெல்லா அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னக் கேக்காதம்மா. நான் பொய் சொன்னவ. வேற யாரயாச்சும் கேளு."

சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை. தன் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

பச்சைக் குடம்தான் முதலில் வந்தது. ஸ்டெல்லா அக்கா பார்த்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்திருந்தேன்.

நான் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டேன். நீலக் குடம் நிறையத் தொடங்கிய சத்தம் கேட்டது.